அக்கா கைக்கு அம்மன் கொடுத்த வேலை

என் அக்கா தனத்தோட ரெண்டு கையையும் ஆஸ்பத்திரிக் கட்டிலோட சேர்த்துக் கட்டியிருந்தாங்க. அதைப் பார்த்த அன்னைக்கு, மாரியம்மன் பேரைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரலை.

நான் செல்வி. பெங்களூர் தொம்மலூர்ல நம்ம மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவுல இருக்கேன். பொம்மசந்திராவுல ஒரு கார்மென்ட்ஸ்ல தைக்கிறேன். அக்காவுக்கும் அங்கேதான் வேலை, மாத்திரை கம்பெனி ஒண்ணுல பேக்கிங். அப்பா அம்மா போனப்புறம் எனக்கு அவ, அவளுக்கு நான்.

போன மழைக்காலத்துல ஷிப்ட் முடிஞ்சு ஓசூர் ரோட்டைத் தாண்டும்போது ஒரு பைக் அவளை இடிச்சுது. தலைக்குள்ள ரத்தக்கட்டு. ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்திட்டாங்க. ஆனா நினைவு திரும்பலை. கண்ணைத் திறப்பா, என்னைத் தெரியாது. கை மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது. சாப்பாடு போற மூக்குக் குழாயை இழுத்துப் போட்டா. டிரிப்ஸைப் பிடுங்கினா. தலைக்கட்டைப் பிரிச்சா. அதனாலதான் கட்டினாங்க. நர்ஸுங்களை நான் குறை சொல்லலை, வார்டு நிறைய ஆளுங்க. ஆனா கட்டினதும் அவ இன்னும் திமிறினா. மணிக்கட்டுல தோல் வழண்டு போச்சு. இப்படியே போனா தூங்க மருந்து கொடுக்கணும், கொடுத்தா முழிப்பு இன்னும் தள்ளிப்போகும், நெஞ்சுல சளி கட்டிக்கற பயமும் இருக்குன்னு டாக்டர் சொன்னார்.

எனக்கு உட்கார முடியலை. வார்டு வாசல்ல நடப்பேன், லிப்ட் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். வேலைக்குப் போனா காலரைத் தலைகீழா வச்சுத் தைச்சேன். சூப்பர்வைசரே வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிட்டார். வீட்டுக்குப் போனா கால் நிக்கலை. கோயிலுக்கு ஓடினேன். உச்சிப்பொழுது, நடை சாத்தியிருந்தது. கம்பிக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுவரைக்கும் அவளைப் பழையபடி கொடு, கொடுன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அவ்வளவு கேட்கத் தெம்பில்லை.

"தாயே, அவ கையை மட்டும் அவிழ்த்து விடு. மத்தது உன் இஷ்டம்."

அவ்வளவுதான். மனசு லேசாகலை, ஒண்ணும் ஆகலை. அதே படபடப்போடதான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

அன்னைக்கு சாயங்காலம் டியூட்டியில இருந்தது லதா சிஸ்டர், தார்வாட் பக்கத்துப் பொண்ணு. கன்னடத்துல கேட்டேன், நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் ஒரு கையையாவது அவிழ்த்து விடுங்கன்னு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து அவிழ்த்தாங்க. கை நேரா மூக்குக்குத்தான் போச்சு. பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் அது என் துப்பட்டா நுனியைப் பிடிச்சுது. மடிச்சுது. கட்டைவிரலால அழுத்தி அடியில செருகுச்சு. பிரிஞ்சதும் மறுபடி மடிச்சு, அழுத்தி, செருகுச்சு. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு எனக்குப் புரிஞ்சுது. அக்கா பெட்டி மடிக்கிறா. வருஷக்கணக்கா கம்பெனியில பண்ற அதே வேலை. அவ குழாயைப் பிடுங்க நினைக்கலை, கைக்கு வேலை தேடறா.

என்னைக் கேட்டா, கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த தாய் அப்பவே வழியைக் காட்டிட்டா.

சிஸ்டர்கிட்ட சொன்னேன். "நோடோணா, பார்க்கலாம்"னாங்க. ஆனா துவைக்கிற துணியா இருக்கணும், ஊக்கு கூடாது, பிய்ஞ்சு வாய்க்குள்ள போற மாதிரி எதுவும் இருக்கக்கூடாதுன்னாங்க. மறுநாள் காலையில வீட்டு மெஷின்ல உட்கார்ந்தேன். மடி அகலத்துக்கு ஒரு துணி. ஒரு ஓரத்துல நாக்கு மாதிரி நீட்டின துண்டு, எதிர்ல அது நுழையறதுக்கு ஒரு பிளவு. கொண்டுபோய்க் கொடுத்தா, அக்கா ரெண்டு தடவை மடிச்சுப் பார்த்துட்டு வீசி எறிஞ்சா. அடுத்த நொடி மூக்குக் குழாய் அவ கையில. மறுபடி கட்டிட்டாங்க.

ஆஸ்பத்திரிப் படியில நின்னு அம்மன்கிட்ட சண்டை போட்டேன். காட்டினது நீதானே, பாதியில விட்டா எப்படின்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே கையில இருந்த துணியைக் கசக்கினேன். கொழகொழன்னு இருந்தது. பெட்டி மடிக்கற அட்டை இப்படியா இருக்கும்?

வீட்டுக்குத் திரும்ப ஓடினேன். பழைய காட்டன் புடவையை நாலா மடிச்சு உள்ள வச்சு, மேலே நெருக்க நெருக்கமா தையல் ஓட்டினேன். துணி அட்டை மாதிரி விறைச்சு நின்னுது. லதா சிஸ்டர் தடவிப் பார்த்துட்டு, எங்க ஊர்ல பழைய புடவையை ஒட்டித் தைக்கிற கௌதி மாதிரியே இருக்குன்னாங்க.

அக்கா அதை விடலை. மடிச்சா, செருகினா, பிரிச்சா. முதல்ல ஒரு கையை அவிழ்த்தாங்க. அப்புறம் நான் இருக்கும்போது ரெண்டையும். அப்புறம் நான் இல்லாதப்பவும். தூங்க மருந்து தேவைப்படலை. குழாய் இருந்த இடத்துலயே இருந்துது. மணிக்கட்டுப் புண் காய்ஞ்சுது.

ஒரு நாள் காலையில முகம் துடைச்சு விட்டுக்கிட்டிருந்தேன். அக்கா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. குரல் கரகரன்னு வந்துது.

"செல்வி, இந்த ஓரம் கோணலா தைச்சிருக்கே."

என் பேரு! அடிபட்டதுக்கப்புறம் அவ பேசின முதல் பேச்சு. ஆமாக்கா, அவசரத்துல தைச்சதுன்னு சொல்லிட்டு, அவ கட்டில் ஓரத்துல உட்கார்ந்தேன். எத்தனை நாளைக்கப்புறம் நிம்மதியா உட்கார்ந்தேன்னு தெரியலை.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு இன்னும் வலது கால் இழுக்குது. காலையில சொன்னது மத்தியானம் மறந்துபோகுது. எனக்கும் போன் அடிச்சா நெஞ்சு அடிச்சுக்கும். ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம், அவ கை அவ இஷ்டத்துக்கு இருக்கு. இதுக்கு நான் தாய்க்கு என்ன செஞ்சு தீர்க்கறது?

நாங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப அதே வார்டுல ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருத்தர் இருந்தார். அவர் கையையும் கட்டியிருந்தாங்க. அவர் மக என்கிட்ட வந்து, எங்கப்பாவுக்கும் ஒண்ணு தைச்சுத் தர்றீங்களான்னு கேட்டாங்க. பெட்டி அவருக்கு எதுக்கு? டிக்கெட் கட்டு மாதிரி சின்னச் சின்ன துணிச்சீட்டா அடுக்கி, ஒரு ஓரத்தை மட்டும் கெட்டியா தைச்சுக் கொடுத்தேன். ஒவ்வொண்ணா புரட்டிக்கிட்டே இருந்தார். கேட்கறவங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. இப்போ ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல பெண்கள் சில பேர் உட்கார்ந்து தைக்கிறோம். துணியை அக்காதான் மடிச்சுக் கொடுக்கறா. கோணலா இருந்தா இப்பவும் விட மாட்டா.

உங்க வீட்டுல யாராவது அப்படிப் படுத்திருந்தா, பெருசா கேட்கத் தெம்பில்லைன்னா சின்னதா கேளுங்க. தாய் கேட்பா. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாங்க, காசு எதுவும் வேண்டாம். அவங்க என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. தைச்சுத் தர்றோம்.