ஏழு எண்ணும் வரை

நெதர்லாந்து நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் எங்கள் பருத்திப்பட்டு கிறிஸ்தவ சபைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவருடைய ஊரில் பெரிய மண்டபங்களில் நூறு பேர் வாத்தியம் வாசிக்க, இவர் நடுவில் நின்று கையசைத்து நடத்துவாராம். அந்த இசையை எழுதுவதும் இவரேதானாம். அப்படிப்பட்டவர் எங்கள் பாடகர் குழுவைத் தேடி எப்படி வந்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. போதகருக்கு வேண்டியவர்கள் மூலமாக என்றார்கள்.

குழுவுக்குத் தலைவர் அப்பா. தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். வெள்ளைக்காரர் கொண்டுவந்த, ஐந்து கோடுகளில் புள்ளி வைத்து எழுதிய இசைக் காகிதத்தை எங்கள் ஆட்களுக்குப் படிக்க வராது. டோ, ரே, மி என்று எழுத்தில் இருந்தால்தான் பாடுவார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு அத்தனையையும் நோட்டில் எழுத்தாக மாற்றினார்.

வெள்ளத்தில் சிக்கியவன் கடவுளைக் கூப்பிடுகிற ஒரு பைபிள் சங்கீதத்துக்கு, தமிழ் வார்த்தைகளுக்கே, அவர் மெட்டுப் போட்டிருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றுவிடும். ஏழு எண்ணும் வரை ஒரு சத்தமும் கூடாது. பிறகு மெதுவாக மறுபடி தொடங்கும். ஒத்திகையில் அந்த இடத்தில் ஒருவர் இருமிவிட்டார். வெள்ளைக்காரர் கையிலிருந்த குச்சியை இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு வெளியே போனார். அந்த அமைதியும் தான் எழுதிய இசைதான், ஞாயிற்றுக்கிழமை பாடும்போது யாராவது அதைக் கலைத்தால் அப்படியே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொன்னாராம். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அப்பாவின் பயம் பெரியப்பாவைப் பற்றியது. எங்கள் சபையில் பாட்டு நின்றால் ஆமென் சொல்வது வழக்கம். பெரியப்பாவின் ஆமென் எல்லோருடையதையும் விட முந்தியது, உரத்தது.

"நீ பெரியப்பா பக்கத்துல குந்து. பாட்டு நிக்கும் பாரு, அப்போ வாயத் தொறந்தாருன்னா சட்டையப் புடிச்சி இழு" என்றார் அப்பா.

"இன்னாய்யா, பச்சப் புள்ளயக் காவல் வெக்கிற? உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லேன்" என்றாள் அம்மா.

"நான் சொன்னா கேப்பாரா? ஆமென் சொல்ல எவன்கிட்ட பர்மிசன் கேக்கணும்னுவாரு."

"பெரியப்பா அடிச்சாருன்னா?" என்றேன்.

"வாங்கிக்கோ. ஆமென் மட்டும் வரக்கூடாது."

பெரியப்பாவுக்கு எதிரில் எனக்கு வாயே வராது. அவர் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை நான்.

ஞாயிறு சாயங்காலம் கோயில் நிரம்பிவிட்டது. சத்தம் வரும் என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார் வெள்ளைக்காரர். வியர்வையில் பெஞ்சு வழுக்கியது. பாட்டு ஏற ஏற, என் கை பெரியப்பாவின் சட்டை நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவர் குனிந்து என்னை முறைத்தார். நான் விடவில்லை.

பாட்டு நின்றது.

ஒன்று. இரண்டு. பெரியப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று. தொண்டை அசைந்தது. சட்டையை இழுத்தேன். அவர் எச்சில்தான் விழுங்கினார். நான்கு.

ஆமென் என்று ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல், ஆனால் அந்த அமைதியில் கோயில் முழுக்கக் கேட்டது. அது என் வாயிலிருந்து வந்தது என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

வெள்ளைக்காரரின் உயர்ந்த கை அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை. ஏழு முடிந்ததும் கை இறங்க, பாட்டு மறுபடி தொடங்கியது. அது எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பயத்தில் என் பாவாடை நனைந்துவிட்டிருந்தது.

பாட்டு முடிந்து அவர் எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அப்பாவின் முகம் வெளுத்திருந்தது.

"நடுவுல ஆமென் சொன்னது யாருன்னு கேக்குறாரு" என்றார் போதகர்.

பெரியப்பா என்னைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து, என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்யா சொன்னேன். பழக்கதோசம். இன்னா பண்ணணுமோ என்னியப் பண்ணச் சொல்லு."

வெள்ளைக்காரர் படியிறங்கி வந்தார். எனக்குக் கண்ணை மூடத்தான் தெரிந்தது. திறந்தபோது பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். சின்ன வயதில் அவர் ஊருக்குள் கடல் புகுந்து ஏழு வயதுத் தங்கையைக் கொண்டுபோய்விட்டதாம். அந்த ஏழு எண்ணிக்கை அவளுக்காகவாம். எத்தனையோ ஊர்களில் அதே அமைதியைப் பல பாட்டுகளில் வைத்துப் பார்த்துவிட்டாராம்; அவளுக்காக ஒருவர் பதில் சொன்னது இதுதான் முதல் தடவையாம். போதகர் இதைச் சொல்லச் சொல்ல எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

அதன்பிறகு கரையான்சாவடிக் கடைத்தெருவில் பெரியப்பா இதைச் சொல்லாத ஆள் இல்லை. "வெள்ளக்காரனே நம்ம ஆமெனக் கேட்டு அழுதுட்டான்பா" என்பார். நான் பக்கத்தில் நின்றாலும் கண்டுகொள்ள மாட்டார். என் ஆமெனை அவர் திருடிக்கொண்டார் என்று பல வருடம் மனதுக்குள் பொருமினேன். போதகரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட நினைத்து, தைரியமில்லாமல் பாதி வழியில் திரும்பியதும் உண்டு.

பெரியப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றபோது, அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று அவருக்கும் தெரியாது; எனக்கு வரவேண்டியதைத் தான் வாங்கிக்கொள்ளத்தான் எழுந்தார். இவ்வளவு சின்ன விஷயம், அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.