ஓர்க்குக்கு மந்திரம் வராது

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று பேர் விளையாட உட்காருவோம். நான், என் மைத்துனன், சின்னாளப்பட்டியில் சேலைக் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன். நாற்பதை நெருங்கியவர்கள் பகடையை உருட்டிக்கொண்டு “நான் வாளை உருவுறேன்” என்று கத்துவதை என் மனைவி முதலில் பயத்தோடும், பிறகு பரிதாபத்தோடும் பார்த்தாள். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நடத்துகிறவன் நான். தடித்த ஆங்கில விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

பாத்திரம் உருவாக்க முதலில் ரேஸ் வேண்டும், அதாவது பிறப்பு: மனிதன், எல்ஃப் என்ற வனதேவதை இனம், குள்ளன், ஓர்க் என்ற அரக்க இனம். பிறகு கிளாஸ், அதாவது தொழில்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். எந்தப் பிறப்புக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, டிக்கும் பெருக்கல் குறியும் இட்டு, சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நான் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் பள்ளியில் அந்த வருடம் ஒரு கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். ஊரில் எந்தத் தெரு என்பது முதல் வாரமே ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

என் மேசையில் கிடந்த பகடையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இருவது முகமா? நானும் விளையாட வரலாமா சார்?” என்று அவராகவே கேட்டார். வந்தார். சுவரில் இருந்த சார்ட்டைக் கொஞ்ச நேரம் நின்று படித்தார்.

“நான் ஓர்க். மந்திரவாதி” என்றார்.

“அது ஒத்து வராது டீச்சர்.”

“ஏன் சார்?”

“ஓர்க்குக்கு மந்திரம் வராது. பிறப்புலயே புத்தி கம்மி. உடம்புல பலம் இருக்கு, அடிக்கிற வேலைக்குத்தான் அது சரி.”

“பிறப்புலயேவா?”

“புக்குல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

மைத்துனன் சிரித்தான். “கோடாலியக் குடுங்க டீச்சர் கையில. செம்மயா இருக்கும்.” டீச்சர் சார்ட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, “சரி சார், போர்வீரன்” என்று எழுதினார். அன்றைக்கு நன்றாகவே விளையாடினார். போகும்போது புத்தகத்தை இரவல் கேட்டார். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது புத்தகத்தை என் மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார்.

“யாரு வேணா எந்தத் தொழில் வேணா எடுக்கலாம்னு போட்டிருக்கு சார்.”

தப்பு என்று அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். “அது பொது விதி டீச்சர். நம்ம வீட்டுல நாமளா வச்சுக்கிட்ட விதி வேற” என்றேன்.

அவர் தலையாட்டினார். “பத்தாவது முடிச்சு ஃபர்ஸ்ட் குரூப் கேட்டப்ப எங்க ஹெட்மாஸ்டரும் இப்படித்தான் சொன்னார். ‘கணக்கெல்லாம் உங்களுக்கு வராதும்மா, தையல் எடு’ன்னு. அவரும் நல்லவர்தான் சார்.” கோபமே இல்லாத குரல். மணி அடித்தது, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று மாலை பைக்கில் வீட்டுக்கு வரும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். போன மாதம் என் தோழன், “ஏலே, எனக்குக் குள்ளன்தான் வேணும், ஆனா மந்திரவாதியா இருக்கணும்” என்றான். சார்ட்டில் அந்தக் கட்டத்திலும் பெருக்கல் குறிதான். நான் சிரித்துக்கொண்டே, “உனக்கில்லாததா, எடுத்துக்க” என்று சொல்லியிருந்தேன். அப்போது புத்தகமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை, வீட்டு விதியும் வரவில்லை. மாதா கோயில் பூசையில் எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்குகிறவன், சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். அதற்குள் நான் சார்ட்டைக் கிழித்துப் போட்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “புக்குல அப்படி இல்ல. நான் சொன்னது பொய். டீச்சர், உங்க ஓர்க்க மந்திரவாதியா மாத்திக்கங்க.”

“இதுக்குப் போயி இம்புட்டா மச்சான்?” என்றான் மைத்துனன். தோழன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். தன் குள்ள மந்திரவாதி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“வேண்டாம் சார். இந்த ஓர்க்குப் பொண்ணு இப்படியே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சுப் போச்சு” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர், மாத்திக்கங்க. எனக்காக.”

“உங்களுக்காக நான் எதுக்கு சார் மாத்தணும்?”

மரியாதையாகத்தான் கேட்டார். என் மனம் லேசாவதற்கு அவருடைய பாத்திரத்தை மாற்றச் சொல்லி நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டுக்கான வரைபடத்தை விரித்தேன்.

கதை முடிய ஏழெட்டு மாதம் ஆனது. அவருடைய ஓர்க் கோட்டை வாசலில் தனியாக நின்று கதவைப் பிளந்த அன்று மற்ற இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கதவு உடைந்ததை விவரிக்க வேண்டியவன் நான். கை தட்டல் ஓயும்வரை காத்திருந்து விவரித்தேன். பிறகு அவருக்குப் பழனிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. விடைபெறும் நாளில் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

புத்தகத்தைப் பற்றிய பொய்யை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். என் தோழனுக்குக் கொடுத்ததை அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்றும் அது வாய் வரை வந்தது. ஜிலேபியைக் கடித்துக்கொண்டு, “நல்லபடியா போயிட்டு வாங்க டீச்சர்” என்றேன்.