தெரியாதவர்கள் இடது கை

நாற்பத்தொரு வயதில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூ வரைதான் படித்திருந்தேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த என் கணவரை முதுகுவலி வீட்டில் உட்கார வைத்துவிட்டது. சான்றிதழ் இருந்தால் எங்கள் தெரு நர்சரிப் பள்ளியில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்குச் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு மாதம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும். கடைசி வாரத்தில் பயிற்சி மையத்திலிருந்து ஒரு சார் வந்து, பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முதல் வாரம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன்.

"டீச்சர், கொஞ்சம் திரும்புங்க டீச்சர். உங்க மூஞ்சியே மறந்துடுச்சி" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

வகுப்பு டீச்சர் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். பார்வையிட யார் வந்தாலும் அங்கே அப்படித்தான் செய்வார்களாம். கேள்வி கேட்டவுடன் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கை தூக்கியவர்களை மட்டும் நான் எழுப்ப வேண்டும்.

"பாக்கறவருக்கு கிளாஸ் பூரா கை தெரியும். அவ்ளோதான். நீ பயந்துக்கினு நிக்காத" என்றார்.

மூன்று நாள் பழக்கினோம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலை செய்பவர். காலையில் ஊரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவாள். வகுப்பில் அவள் கை தூக்கியதே கிடையாது. இப்போது அவளும் தூக்கலாம் என்றதும், முதுகை நிமிர்த்தி, விரல்கள் விறைக்க இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சார் வந்த அன்று பாடம் செடியின் பாகங்கள். வேரோடு பிடுங்கிய மிளகாய்ச் செடியைத் தூக்கிக் காட்டினேன்.

"மண்ணுல இருந்து தண்ணிய உறிஞ்சறது எது?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வலது கை நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். பழக்கிய நாட்களில் வகுப்பு டீச்சர் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக்கொடுத்ததால் இது எனக்கு உறைக்கவில்லை. என் வலப்பக்கம் தெரிந்த ஒரு கையைக் காட்டி, "நீ சொல்லு" என்றேன். அவள்தான்.

எழுந்தாள். கையை இறக்கவில்லை. "நான் லெஃப்ட் கைதான டீச்சர் தூக்கிக்கினு இருக்கேன்? லெஃப்ட்டுன்னா கேக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

சார் பேனாவை மூடினார். "என்னம்மா லெஃப்ட் ரைட்டு? பாடம் நடத்துறியா, பரேடு நடத்துறியா?"

வகுப்பு டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதெல்லாம் இல்ல சார். இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான். பொய் சொல்லும்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் தடுமாறாமல் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"இல்ல டீச்சர்..." என்றாள் அவள்.

சார் மற்றவர்களைப் பார்த்தார். "என்ன பசங்களா, இது பொய் சொல்லுதா?"

"ஆமா சார்" என்று வகுப்பே ராகம் போட்டுச் சொன்னது.

வகுப்பு டீச்சர் அவளைக் காதைப் பிடித்துக் கூட்டிப்போய் வராந்தாவில் நிறுத்தினார். நான் வேரைப் பற்றிப் பாடத்தைத் தொடர்ந்தேன். சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பள்ளி கேட்டில் அவள் அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"டீச்சர், ஒரு நிமிசங்க. நேத்து ஆபீசர் முன்னாடி இது பொய் சொல்லிடுச்சாமே. வூட்டுல கேட்டா, இல்லவே இல்லன்னு சாதிச்சிக்கினு இருந்துச்சிங்க. கரண்டியால நாலு வச்சப்புறம்தான் ஒத்துக்கிச்சி. மனசுல வச்சிக்காதீங்க." மகளின் தோளைத் தள்ளினார். "சொல்லுடி டீச்சராண்ட."

"பொய் சொல்லிட்டேன் டீச்சர். இனிமே சொல்ல மாட்டேன்."

அவள் முழங்கைக்குக் கீழே நீளமாகத் தடித்திருந்தது.

என் தாளில் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் எனக்கு எதுவும் போயிருக்காது. வாய் வரை வந்தது என்றுகூட எழுத முடியவில்லை, வரவில்லை.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். பெல் அடித்தது. அவள் எனக்கு முன்னால் வகுப்புக்குள் போனாள்.