ஒத்திகைக்கு வராத கோழிகள்

உலகத்தைப் பறவைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றுவதற்கான கூட்டத்தில் நான் என் செல்போன் வழியாகத்தான் கலந்துகொண்டேன். பல நாட்டு நிபுணர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். வலசைப் பறவைகள் வரும் வழிகளை உலகப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். ஓர் அம்பு எங்கோ பனிப்பிரதேசத்தில் கிளம்பி, நேராக எங்கள் கரிசல் காட்டின் தலைக்கு மேலே வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நான் மருத்துவராக இருக்கும் கால்நடை மருந்தகத்தில், வயிறு உப்பிய வெள்ளாடு ஒன்று மேசையில் கிடந்து கத்தியது. நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். ஆட்டின் குரல் எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பேசிக்கொண்டிருந்த நிபுணர் பேச்சை நிறுத்தி, "யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது. பறவைக் காய்ச்சல் நிஜமாகவே வந்தால் என்ன செய்வோம் என்று ஒரு கிராமத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். பசுவந்தனைப் பக்கம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு வெளியே குளம், குளத்தில் வெளிநாட்டுப் பறவைகள், வீட்டுக்கு வீடு நாட்டுக்கோழி. உலகம் கேட்ட எல்லாம் அங்கே இருந்தன. என் கணவரின் பெரியம்மாவும், நான் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், அதே ஊரில்தான் இருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திட்டம் எளிமையானது. ஊரில் காய்ச்சல் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நாங்கள் கவச உடையில் போய், எல்லாக் கோழிகளையும் ஓரிடத்தில் சேர்த்து, தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்து, திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரு கோழியும் சாகாது. இதைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒருவர் வருவார்.

முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்கு அறிவிக்கச் சொன்னோம். "நாளை பறவைக் காய்ச்சல் தடுப்பு ஒத்திகை நடைபெறும். கோழிகள் பிடிக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, திருப்பித் தரப்படும்." வாசகம் என்னுடையது. ஸ்பீக்கர் ஆட்டோக்காரருடையது. அது கிழிந்திருந்தது. காற்றும் கிழக்கே இருந்து அடித்தது. ஊருக்குள் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: "பறவைக் காய்ச்சல்... கோழிகள் பிடிக்கப்ப..."

மறுநாள் காலை நாங்கள் போய் இறங்கினோம். கார்த்திகை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளைக் கவச உடை, கண்ணாடி, முகமூடி, காலுக்கு நீல உறை. கரிசல் மண்ணுக்கு இந்த உறையின் மேல் ஒரு மரியாதையும் இல்லை. எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை மண் ஒட்டிக்கொண்டது. முதல் தெரு முடிவதற்குள் எங்கள் எல்லோருக்கும் அரையடி உயரம் கூடிவிட்டது. கண்ணாடிக்குள் வேர்வை ஆவியாகி எதிரே இருப்பது ஆளா ஆட்டுரலா என்று தெரியவில்லை. ஊர் நாய்கள் மட்டும் எங்களைத் தெளிவாகப் பார்த்தன.

கோழி இல்லை.

கூடுகள் இருந்தன. எச்சம் இருந்தது, சுடச்சுட. இறகுகள் பறந்துகொண்டிருந்தன. கோழி மட்டும் ஒன்றுகூட இல்லை. முதல் வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்ததும், "எங்க வீட்டுல கோழியே வளக்கது கெடையாது டாக்டரம்மா. நாங்க சைவம்" என்றார். அடுப்பங்கரையிலிருந்து மிளகு போட்ட கோழிக் குழம்பின் வாசம் முகமூடியைத் தாண்டி வந்தது. அடுத்த வீட்டிலும் சைவம். அந்தத் தெருவே ஒரே ராத்திரியில் சைவமாகியிருந்தது. பெரியத்தை வீட்டில் பூட்டுத் தொங்கியது.

கடைசியில் ஊர்க்கோடியில் இருந்த சின்னச் சர்ச் வளாகத்தில் ஒரு சேவல் தென்பட்டது. நாங்கள் நெருங்கும்போது சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"அது சர்ச் அசன விருந்துல ஏலம் விடுறதுக்குக் காணிக்கையா வந்த சேவல். அதுக்கு ஒரு நோயும் வராது டாக்டரம்மா."

"பிடிச்சுட்டுக் குடுத்துருவோம் ஐயா. ஒத்திகைதான்."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேவல் தகரக் கூரைமேல் ஏறிவிட்டது. அரையடி மண்ணோடு எங்களால் ஏணியில் ஏற முடியவில்லை. அது மேலே நின்று கூவியது. டெல்லிக்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

அவர் அமைதியான மனிதர். உடையைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கோழிகள் எல்லாம் எங்கே?

அதற்குப் பதில் சொன்னவர், அப்போதுதான் ஊருக்குத் திரும்பி வந்து நின்ற மினிபஸ்ஸின் கண்டக்டர். "முதல் ட்ரிப்புல நிக்க எடமில்ல டாக்டரம்மா. பொம்பளையாளு ஒவ்வொருத்தர் மடியிலயும் ஒரு பை. நான் விசிலடிச்சா பை கொக்கரிக்கி. பாதிப் பேரு கோவில்பட்டில எறங்குனாவ. கொஞ்சப் பேரு கழுகுமலை பஸ்ஸு ஏறுனாவ. ஒரு அம்மா மணியாச்சிக்குப் போயி ரயிலேறப் போறேன்னாவ, மவ வீடு மெட்ராஸ்லயாம்."

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, டெல்லிக்காரர் தன் வரைபடத்தில் அந்த ஊரிலிருந்து கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனார். நோய் நிஜமாக இருந்திருந்தால் ராத்திரிக்குள் அது சென்னை போய்ச் சேர்ந்திருக்கும். குளத்துப் பறவைகள் ஒரு பாவமும் அறியாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் என் கணவர் போன் செய்தார். மணியாச்சியில் ரயில்வே வேலை. அன்று ஓய்வு நாள் என்பதால் கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் இருந்தார்.

"பெரியம்ம வந்திருக்காவ."

"என்ன திடீர்னு?"

"தெரியல. ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாவ. அதான் சொல்லுதேன்."

பின்னாலிருந்து ஒரு கொக்கரிப்பு கேட்டது. பக்கத்தில் நின்ற டெல்லிக்காரருக்கும் கேட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் கோழி பேசுவது எல்லோருக்கும் புரியும். மறைத்துப் பயனில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "போகலாம்" என்றார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியத்தை குளியலறைக் கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருட்டி இவிய?"

"டெல்லியிலருந்து வந்திருக்காவ அத்தை."

"அவ்வளவு தூரத்துலருந்து எங்கோழியப் பிடிக்கவா?"

உள்ளே ஒரு கோழி முட்டையிட்ட பெருமையை உரக்க அறிவித்தது. பெரியத்தை அதைவிட உரக்க இருமினார். நான் இது வெறும் ஒத்திகை, கோழியைக் கொல்ல மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் இருமலை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"ஒத்திகைன்னா? நாடகத்துக்குப் பாக்காவள்லா, அதா?"

"அதேதான்."

"அப்போ நெசமா சீக்கு வந்தா மைக்குல சொல்லுவியளா?"

"கட்டாயம் சொல்லுவோம் அத்தை."

"அன்னைக்கும் இங்கனதான் வருவேன். நீ இருக்கேல்லா, பாத்துக்கிடுவ."

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டெல்லிக்காரர் அடுத்து, கோழிக்கு நோய் வந்தால் வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னார். "மெலியறதுக்குள்ள கொழம்பு வச்சிருவோம்" என்றார் பெரியத்தை. பிறகு, விருந்தாளியை நிற்க வைத்துப் பேசுகிறோமே என்று நினைத்தோ என்னவோ, சூடாக ஆம்லெட் போடவா என்றார். டெல்லிக்காரர் சைவம் என்று சொன்னேன். பெரியத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சைவக்காரருக்குக் கோழி மேல என்னத்துக்கு இவ்வளவு அக்கறை?"

ஒத்திகையின் விதிப்படி, ஊரைவிட்டு வெளியேறிய கோழிகளைப் போய்ச் சேர்ந்த இடத்திலேயே தனிமைப்படுத்த வேண்டும். டெல்லிக்காரர் விதிகளில் கறாரானவர். ஆக அந்த வாரம் எங்கள் குளியலறை தனிமைப்படுத்தும் மையமாயிற்று. கோழிகளைத் தனியே விட மாட்டேன் என்று பெரியத்தையும் தங்கினார். நான் மொட்டைமாடித் தொட்டியடியில் குளித்தேன். என் கணவர் சோப்பும் துண்டுமாக மணியாச்சிக்கு ரயிலேறினார்.

டெல்லிக்காரர் போகும்போது, இதுவரை தான் பார்த்த ஒத்திகைகளில் எல்லாம் சரியாக நடந்ததாகவும், அதனால் ஒன்றுமே தெரியவரவில்லை என்றும் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டு மைக் ஆட்டோ போகவில்லை. நான் மகளிர் குழுக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து, கோழியைப் பையில் போட்டுப் பஸ் ஏறினால் காய்ச்சலும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறும் என்று பேசினேன். ஒரு கோழி சுணங்கினாலும் எனக்குப் போன் செய்யுங்கள் என்று நம்பரையும் கொடுத்தேன். இரண்டாவது ஒத்திகைக்கு முக்கால்வாசிக் கோழிகள் வந்தன. மற்றவை குழம்பாகியிருக்கலாம். நாங்கள் ரொம்பத் துருவவில்லை.

ஊரில் அந்த நம்பரை அதிகம் பயன்படுத்துவது பெரியத்தைதான். போன வாரம் நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் கூப்பிட்டார்.

"ஏட்டி, அந்தக் கருப்பி காலையிலருந்து கழுத்த ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு நிக்கி."

நான் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். தொடாதீர்கள், மற்ற கோழிகளைப் பிரித்து வையுங்கள், குழம்பு வைக்காதீர்கள், இதோ வருகிறேன் என்றேன்.

"மெதுவா வா. இப்பம் நேரா நிக்கி. டிவிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்துருக்கும் போல."