உதைத்தபின் கும்பிடாதே

மதியம் இரண்டு இருபதுக்குப் போலீஸ்காரன் ஒட்டுமீசையைப் பிய்த்து மணலில் எறிந்துவிட்டுப் போனான். என் மகளோடு கல்லூரியில் படிப்பவன்தான். தனுஷ்கோடியில் அவள் எடுத்துக்கொண்டிருந்த வசனமில்லாத சிரிப்புப் படத்தில், காற்றில் பறந்த தொப்பியை அவன் குனிந்து எடுக்கும்போது, சிப்பி விற்பவளாக வரும் மகள் பின்னாலிருந்து உதைக்க வேண்டும். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்ததில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த ஒரு காட்சிதான் பாக்கி. கேமராவை மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். காக்கிச் சட்டையை நான் மாட்டிக்கொண்டு, மணலில் கிடந்த மீசையையும் ஒட்டிக்கொண்டேன். மகள் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானாலே தெருமுனையில் போய் நிற்பவள் நான். அன்று அவள் முகம் வாடியதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். ஒத்திகையைக் கைபேசியில் எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அபிராமத்திலிருந்து என் கணவரின் அண்ணன் கூப்பிட்டார். பொம்பளைப் பிள்ளை ஊர் பார்க்கக் கூத்தாடுவதா, உடனே நிறுத்து, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், அவளை வீட்டுக்கு இழுத்துப் போகிறேன் என்றார். கணவர் இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்தான் முடிவு. இன்றும் அவர் எண் திரையில் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பேன்.

"வாங்க மச்சான். ஆனா நாங்க முடிச்சிட்டுத்தான் வருவோம்" என்று சொல்லித் துண்டித்தேன். பயந்தேன், வெட்கப்படவில்லை. இப்போதும் வெட்கமில்லை.

ஆனால் காட்சி தேறவில்லை. கால் பட்ட மறுநொடியே மகளின் கை என் முதுகைத் தொட்டு அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டது. குழந்தையில் நான் பழக்கியது. எட்டு முறை எடுத்தோம். எட்டு முறையும் கும்பிட்டாள். கேமரா பிடித்த பெண் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாய்ந்தது. இருட்டுவதற்குள் நிஜப் போலீஸார் வந்து எல்லோரையும் அங்கிருந்து கிளப்பிவிடுவார்கள்.

சத்தம் பதிவாகாத படம்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் முறை, குனிந்தபடியே கத்தினேன்.

"அடியே, இந்தவாட்டி தொட்டுக் கும்பிட்டேன்னா காலை முறிச்சிருவேன். ஒதைச்சிட்டுப் போய்க்கிட்டே இரு."

உதைத்தாள். என் மூக்கு மணலில் புதைந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் சிப்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கேமரா பிடித்த பெண் கட்டைவிரலை உயர்த்தினாள்.

வாய்மணலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தேன். செருப்பைக் கையில் பிடித்தபடி மச்சான் நின்றிருந்தார். போகிறவளைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார்.

"ஏத்தா, பெத்தவளை ஒதைச்சிட்டு ஒரு கும்புடு கூடப் போடாமப் போறா. நீயும் பேசாம இருக்கே?" என்றார்.