கிழக்குச் சுவரில் இரண்டு மூட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே சங்கு ஊதினால் ஊரே எழும்பும், சங்கு ஊதினால் ஊரே சாப்பிடும். அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, சொன்னது சொன்னபடி நடக்கவில்லை என்றால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இப்படிப்பட்டவள் போய் சிவில் இன்ஜினியர் ஆனால் விளங்குமா? ஆனால் விளங்கியது. வெயிலை உள்ளே விடாத வீடு, ஏசி கேட்காத வீடு, இவைதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. பசுமைக் கட்டிடம் பற்றிப் பேசக் கல்லூரிகளில் கூப்பிடுவார்கள். போய் மணிக்கணக்காகப் பேசிவிட்டு வருவேன்.

திருமுல்லைவாயிலில் ஒரு வீடு. கேட்டு வந்தவள் அந்த வீட்டுக்காரம்மாதான். மாமனார் காலம் வரைக்கும் அவர்கள் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது அவள் புருஷனுக்கு அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுப்பார். தகரக் கூரைக்குக் கீழே பத்து மணிக்கு மேல் எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? ஒரு தடவை மெஷின் முன்னால் கண் அசந்து, கையே போகப் பார்த்ததாம்.

“மாடி வேணாம், டிசைன் வேணாம் மேடம். எங்க ஊட்டுக்காரரு, அது பகல்ல தூங்கணும். அவ்ளோதான்” என்றாள்.

இவ்வளவு தெளிவாக எந்தப் பெரிய மனுஷனும் என்னிடம் வீடு கேட்டதில்லை. படுக்கை அறையின் கிழக்குச் சுவரில்தான் காலை வெயில் அறையும். அந்தச் சுவரை ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் எழுப்பச் சொன்னேன். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் காற்று தங்கும்படி வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, மூலையில் இரண்டடி அகலத்துக்கு முழு உயரமும் என் கண் முன்னாலேயே கட்ட வைத்தேன். “இப்படியே கொண்டுபோங்க” என்றேன். தலையை ஆட்டினார்.

நாலு நாள் கழித்துப் போனால் சுவர் ஜன்னல் தாண்டி நிற்கிறது, சிமெண்டில் இரண்டு மூட்டை குறைகிறது. என் கணக்கு அப்படித் தப்பாது. வந்ததே கோபம்! சித்தாள், வீட்டுக்காரம்மா எல்லோரும் நிற்க, “மூட்டை எங்க போச்சு மேஸ்திரி? வேலியே பயிரை மேயுதா?” என்று கத்தினேன்.

அவர் கரணையைக் கீழே வைத்தார். “செவுத்துலதான் கீது மேடம்.”

எனக்குப் புரியவில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். மூலையில் டங்கென்றது, மற்ற இடமெல்லாம் தொப்பு தொப்பென்றது. அடப்பாவி மனுஷா! காற்றுக்கென்று விட்ட இடம் முழுக்கக் கலவையைப் போட்டு அடைத்திருக்கிறார்.

“நடுவுல பொந்து வுட்டு ஊடு கட்டுனா நாளைக்கு இந்தப் பொண்ணு யார ஏசும்? என்னத்தான ஏசும்? நம்ம ஜனம் மேடம். ஏமாத்த மனசு வரல” என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். திருடன் என்று சொல்லாத குறையாக நான் கத்திய ஆள், தன் பேர் கெடக்கூடாதென்று கூடுதலாக வேலை செய்திருக்கிறார். கூனிக் குறுகிப் போனேன்.

உச்சி வெயில் நேரம். அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய், சுவரின் உள்பக்கத்தில் அடைத்த இடத்தில் வைத்தேன். பிறகு மூலையில் வைத்தேன். அவரே இன்னொரு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“இது சுடுது. அது சுடல” என்றார். அப்புறம், “பொந்து வுடுன்னு சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலியே மேடம்” என்றார்.

சொல்லவில்லைதான். கல்லூரி கல்லூரியாகப் போய் அளந்தவள், கட்டுகிற மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “தப்பு என்னோடதுதான் மேஸ்திரி, மன்னிச்சிடுங்க” என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் செவுரு இருந்தா அது தூங்குமா, தூங்காதா?”

“மத்தியானம் புழுங்கும்மா.”

“அப்ப இடிங்க.”

மேஸ்திரி வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. தானே இடித்து, தானே கட்டினார். ஒவ்வொரு வரிசைக்கும் சித்தாளைக் கூப்பிட்டு, “இதுல காத்து குந்திக்கும், வெயிலு உள்ள வராது, புரிதா?” என்று பாடம் வேறு. என்னைவிட நன்றாகவே எடுத்தார்.

பால் காய்ச்சிக் குடியேறினார்கள், அடுத்த சித்திரையும் வந்தது. அறையின் சூட்டை அளக்கலாமென்று தெர்மாமீட்டரோடு மத்தியானம் ஒரு மணிக்குப் போனேன். மேஸ்திரியும் தொற்றிக்கொண்டார். நான் கேட்டில் கை வைப்பதற்குள் வீட்டுக்காரம்மா ஓடி வந்தாள், வாயில் விரலை வைத்துக்கொண்டு.

“தூங்கிக்கினு கீது மேடம். மூணு மணிக்கு மேல வாங்களேன்.”

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். மண்டை பிளக்கிற வெயிலில் நானும் மேஸ்திரியும் தெருவில் நின்றோம். தெர்மாமீட்டரைப் பைக்குள் போட்டேன். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சத்தம் வெளியே வராமல்.