இட்லித் தட்டில் பெட்ரோல் வாடை

அண்ணன் அனுப்பிய பழைய சாமான் மூட்டையில் அந்த இட்லித் தட்டைப் பார்த்ததுமே மூக்கில் பெட்ரோல் ஏறியது. அவனியாபுரத்தில், இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில், எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அப்பா மொபெட்டும் மருந்தடிக்கும் மிஷினும் பழுது பார்த்தார். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவி, திருகாணிகள் கலந்துவிடாமல் அந்தத் தட்டில் குழிக்கு ஒன்றாக வைப்பார். கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்று அதிலுள்ள ஊசித்துளைப் பித்தளை ஜெட்டை உதட்டில் வைத்து ஊதுவார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், வெளிச்சம் தெரியாவிட்டால் மறுபடி ஊதுவார், அந்த உஸ் உஸ் நாள் முழுக்க அடுப்படி வரை கேட்கும்.

ஒருநாள் அப்பா கழுவிக் கவிழ்த்திருந்ததை வீட்டுத் தட்டென்று எடுத்து அம்மா மாவை ஊற்றிவிட்டாள். நானும் அண்ணனும் முதல் வாயிலேயே துப்பினோம். அப்பா மூன்றாவது இட்லியில் இருந்தார்.

"பெட்ரோல் நாறுதுங்க, துப்புங்க!" என்று அம்மா பதறினாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

கையிலிருந்ததை முகர்ந்து பார்த்தார். இன்னொரு முறை முகர்ந்தார். எழுந்து கொட்டகைக்குப் போனார்.

அன்று சாயங்காலமும் வழக்கம்போல மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அம்மாவிடம் கொடுக்கும்போது, அதுவரை கேட்காததைக் கேட்டார்.

"மணக்குதா புள்ள?"